பெங்களூருவில் கலைக் கில்ட் குழு: மாதிரித் துண்டிலிருந்து கண்காட்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளைத் தையலால் பிணைத்துச் செய்யப்படுவது கில்ட். அந்த அடுக்குகளையே ஓவியத் தளமாகக் கொண்டு, சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பதற்காகவே செய்யப்படும்போது அதைக் கலைக் கில்ட் என்கிறோம். பெங்களூருவில் வாழும் தமிழர்களில் இந்தக் கலையைத் தனித்தனியாக வீட்டில் செய்துவருபவர்கள், சில மாதங்களில் துணியும் யோசனையும் தீர்ந்துபோய் நின்றுவிடுவதைப் பார்த்து வருகிறேன். இவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் அது நீடிக்கும். ஆனால், முடிந்த படைப்புகளைக் காட்டிப் பாராட்டிக்கொள்வதற்காக மட்டும் கூடும் குழு நீடிப்பதில்லை. ஒரு நுட்பத்தை ஒவ்வொருவரும் தம் கையால் சிறு துண்டில் செய்துபார்த்து, அந்தத் துண்டை விவரச்சீட்டுடன் பொதுவில் வைக்கும் வழக்கம்தான் குழுவைக் கட்டிக்காக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழ்வரும் படிகள் அனைத்தும் அந்த வழக்கத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதல் படி: ஆட்களும் இடமும்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் இஸ்திரி மேசைக்கும் தையல் இயந்திரத்துக்கும் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு வீட்டின் கூடத்தையோ சிறு அரங்கையோ தேர்ந்தெடுக்கலாம். அல்சூர், இந்திராநகர் பகுதிகள் ஊதா வழித்தடத்தில் இருப்பதால் ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவர்களுக்கும் ஏற்றவை. பச்சை வழித்தடத்தில் ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கமிருந்து வருபவர்கள் மெஜஸ்டிக்கில் மாறிக்கொள்ள முடியும். இடத்தை முடிவு செய்வதற்கு முன் மின்இணைப்பைப் பாருங்கள். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி சாக்கெட் வேண்டும்.

பொறுப்புகள் மூன்று மட்டுமே: எல்லோருடைய மாதிரித் துண்டுகளையும் சேர்த்துவைக்கும் மாதிரிப் புத்தகத்தைக் காப்பவர், செய்திகளைத் திரட்டுபவர், பணத்தையும் பொதுப் பொருள்களையும் பார்த்துக்கொள்பவர். வெட்டுப் பாய், உருளைக் கத்தி, இஸ்திரிச் சூட்டில் இருபுறமும் ஒட்டும் பசை வலைத்தாள் சுருள், சாயப் பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்குவது வீண் செலவு என்பதால், மாதச் சந்தாவில் பொதுவாக வாங்கி, கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுப் படியுங்கள்.

இந்த நகரத்துக்கே உரிய ஒன்றையும் முதல் நாளிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசினாலும், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள் என்பதால் தமிழ் எழுத்தைத் தடுமாறித்தான் படிப்பார்கள். ஆகவே எழுதி வைத்த எதையும் கூட்டத்தில் ஒருமுறை உரக்கப் படிப்பதை நடைமுறையாக்கிக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்குபவருக்கு மாதிரிகளின் விவரச்சீட்டுகள் நல்ல வாசிப்புப் பாடமாகவும் அமையும்.

இரண்டாம் படி: மாதிரிப் புத்தகம்

ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். செய்து முடித்ததும் அதை நடுவே வெட்டி இரண்டாக்குங்கள். ஒரு பாதியை அப்படியே வையுங்கள். மறு பாதியை மும்முறை துவைத்து நிழலில் உலர்த்தி, இரண்டையும் அருகருகே அட்டையில் பொருத்துங்கள். சாயம் இறங்கியதா, விளிம்பு பிரிந்ததா, பஞ்சு சுருங்கித் துணி சுளித்ததா என்பதெல்லாம் இந்த இரண்டு பாதிகளையும் ஒப்பிடும்போது தெளிவாகத் தெரியும்.

சீட்டில் இருக்க வேண்டியவை: துணியின் வகையும் அது எங்கிருந்து வந்தது என்பதும், நூலின் எண் (எண் கூடக்கூட நூல் மெலியும், 50 என்பது 40ஐ விட மெல்லியது), ஊசியின் அளவு, இஸ்திரிச் சூடு, சாயமிட்டிருந்தால் எந்தத் தண்ணீரில் சாயமிட்டது, கடைசியாக, எது சரியாக வரவில்லை என்பது. இந்தக் கடைசி வரியை வெற்றாக விட அனுமதிக்காதீர்கள். நன்றாக வந்த மாதிரி ஒருவருக்கு வழிகாட்டும் என்றால், வராமல்போன மாதிரி குழுவில் உள்ள அனைவரின் துணியையும் காப்பாற்றும்.

மூன்றாம் படி: துணி திரட்டுதல்

நம் வீடுகளில் தொடங்குவோம். நவராத்திரிக் கொலுவுக்கு அழைத்து வெற்றிலை பாக்குடன் வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துண்டுகள், தைக்கப்படாமல், வீட்டுக்கு வீடு கைமாறி, கடைசியில் ஏதோ ஒரு பெட்டியில் தங்கிவிடுகின்றன. நிறங்களின் வரிசைக்கு இவற்றைப் போல இலவசமான களஞ்சியம் வேறில்லை. முதல் கூட்டத்தில் அனைவரும் தங்களிடம் உள்ளவற்றைக் கொண்டுவந்து நிறவாரியாகப் பிரித்துப் பொதுவில் வைக்கலாம். எனினும் அவற்றில் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தே இருக்கும். ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் மென்சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், பட்டு, முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும்.

வாங்க வேண்டியவற்றுக்குச் சிக்பேட்டை இருக்கிறது. அங்கும் அவென்யூ சாலை பக்கமும் காடா, மல்மல், பாப்ளின், லைனிங் துணிகள் மொத்த விலையில் கிடைக்கும். கமர்ஷியல் தெருவும் அதை ஒட்டிய இப்ராஹிம் சாகிப் தெருவும் லேஸ், நூல், பொத்தான் வகைகளுக்கு ஏற்றவை. பருத்திப் பஞ்சுத் தாள் கிடைக்காதபோது பழைய பருத்திப் போர்வையையோ ஃபிளானல் துணியையோ நடு அடுக்காக வைக்கலாம். விலை குறைந்த பாலியஸ்டர் பஞ்சுத் தாளைக் கருநிறத் துணிக்கு அடியில் வைத்தால் வெண்ணிற இழைகள் தையல் துளை வழியே வெளியே நீட்டும்.

துணி எதுவானாலும் முதலில் துவையுங்கள். பிறகு, நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வெளிர்நிறத்துடன் இணைக்காதீர்கள். உப்பும் வினிகரும் கடைத்துணியின் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அதை நம்பிப் பல வார உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

நான்காம் படி: நுட்பங்கள், எந்த வரிசையில்

கையோட்டத் தையலில் தொடங்குவதே முறை. வட கர்நாடகத்துக் கிராமங்களில் பழைய சேலைகளை அடுக்கி நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் கௌதி நமக்குப் பக்கத்திலேயே உள்ள பள்ளிக்கூடம். இரண்டு மல்மல் அடுக்குகளை வைத்து, கால் அங்குல இடைவெளியில் இணையான வரிகளை ஓட்டுங்கள். நூலை மிகையாக இழுத்தால் துணி சுருங்கும். தளர்த்தினால் அடுக்குகள் பிரிந்து நிற்கும். கை இந்த அளவைப் பழகிக்கொள்ளும்வரை வேறு எதற்கும் போக வேண்டாம்.

அடுத்தது உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியால், முண்டகோடு பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்களின் கவந்தி. வழக்கமாகக் கில்ட் தைப்பவர்கள் துண்டுகளை முதலில் இணைத்து, பிறகு பஞ்சோடு தைத்து, கடைசியில் விளிம்பைக் கட்டுவார்கள். கவந்தியில் இந்த வரிசை மாறி, விளிம்பே முதலில் வருகிறது. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, விளிம்புகளை மடித்து, துண்டுகளை ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து நூலோட்டியபடி சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதன் உள்விளிம்பை ஒட்டி அடுத்த சுற்று. இப்படியே மையத்தை அடையும்போது துண்டு சேர்த்தல், விளிம்பு, கில்ட் தையல் மூன்றும் ஒருசேர முடிந்திருக்கும். மூலைகளில் மடித்து வைக்கும் முக்கோணத் துண்டுகளான ஃபுலா இல்லாத கவந்தியை அவர்கள் நிறைவடைந்ததாகக் கருதுவதில்லை. முன்கூட்டி வரைபடம் போடாமல், கையில் வரும் துண்டின் நிறத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் பழக்கத்தை இந்த நுட்பம் தருவது போல வேறெதுவும் தருவதில்லை என்பதால், இதற்கு இரண்டு கூட்டங்களை ஒதுக்குங்கள். வாய்ப்புள்ளபோது அந்தப் பெண்களிடமே கில்ட் வாங்குங்கள். பயிற்சிக்கு அழைத்தால் மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் ஊதியத்தை அவர்களுக்கும் தாருங்கள். அவர்கள் முறையில் செய்த படைப்பைக் காட்சிக்கு வைக்கும்போது, யாரிடமிருந்து கற்றது என்பதைச் சீட்டில் எழுதுவது நம் கடமை.

மூன்றாவதாக, பழைய பட்டுச் சேலையில் உருவங்களை வெட்டி மேல்துணியில் ஒட்டித் தைக்கும் ஒட்டுவேலை. தமிழ்க் குடும்பங்களில் இதற்குத் துணிப் பஞ்சம் இல்லை, எச்சரிக்கைதான் தேவை. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த காஞ்சிபுரம் பட்டு, மடிப்பு வரிகளில்தான் முதலில் கிழியும். துணியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை அறுபடும் ஒலி கேட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். நல்ல பகுதியின் பின்புறத்தில் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை முதலில் ஏற்றுங்கள். அது இழை பிரிவதைத் தடுக்கும். அதன் மேல் இருபுறமும் ஒட்டும் வலைத்தாளை ஏற்ற வேண்டும். வலைத்தாளின் காகிதத்தில் வரையும் உருவம் துணியில் இடவலம் மாறி வரும் என்பதால், எழுத்தையோ முகத்தையோ வரையும்போது கண்ணாடிப் பிம்பமாக வரையுங்கள். பிறகு உருவத்தை வெட்டி, காகிதத்தை உரித்து, மேல்துணியில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு அழுத்துங்கள். பெட்டியை இழுக்கக் கூடாது; ஓரிடத்தில் வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறுவதற்குள் துணியை நகர்த்தினால் பசை விட்டுவிடும். சரிகை அசலானால் மிதமான சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் சரிகையோ சுருண்டு கருகும். ஆகவே ஓரத் துண்டில் சோதித்த பிறகே பெட்டியை வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிய துணியில் பசை சரியாகப் பிடிக்காததால், ஒட்டுவதற்கு முன் துணியை வெறுமனே இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்கள். தைப்பதற்கு 70ஆம் எண் மெல்லிய கூர் ஊசி ஏற்றது. சரிகை ஊசிமுனையை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் ஒவ்வொரு படைப்புக்கும் புது ஊசி போடுவதைச் செலவாக எண்ண வேண்டாம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்தில் கோயில் தேரில் தொங்கும் அலங்காரத் துணியான தொம்பையைத் தைப்பவர்கள் துணிமேல் துணி வைத்து உருவம் அமைக்கும் முறையையும் ஒருமுறை ஊருக்குப் போகும்போது கூர்ந்து பார்த்து வாருங்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் உருவம் துலங்கும்படி நிறங்களை மோதவிடும் துணிவை அங்கே கற்கலாம்.

நான்காவது, இயந்திரத்தில் கைப்போக்குத் தையல். துணியை நகர்த்தும் பற்களைக் கீழிறக்கி, அதற்குரிய பாதத்தைப் பொருத்தி, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால், துணியை எந்தத் திசையிலும் உங்கள் கையாலேயே நகர்த்தலாம். பற்கள் இறங்காத பழைய மாதிரிகளில் அவற்றை மூடும் தகடு போடலாம். இயந்திரத்தின் வேகம் சீராகவும் கையின் வேகம் அதற்கு ஈடாகவும் இருந்தால்தான் தையல் ஒரே அளவில் விழும். கை முந்தினால் தையல் நீளும். இயந்திரம் முந்தினால் நூல் ஓரிடத்தில் குவியும். இதற்குப் பயிற்சி வரைவாகச் சிக்குக் கோலத்தை விடச் சிறந்ததை நான் அறியேன். கைப்போக்குத் தையலில் நூலை அறுக்காமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதுதான் பெரிய சிக்கல். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாக ஓடி முடியும் சிக்குக் கோலங்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தே வைத்திருக்கின்றன. 3 சென்டிமீட்டர் இடைவெளியில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, கோலத்தை முதலில் விரலால் பலமுறை தடவிப் பழகி, பிறகு தையுங்கள். மூன்று அடுக்குகளும் நகராமலிருக்க ஒரு பிடி அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துவது அவசியம்.

சாயமிடுதல்

இது தனித் தலைப்புக்கு உரியது. ஏனெனில் ஒரே செய்முறையை ஒரே நகரத்தில் பின்பற்றும் இருவர் வெவ்வேறு நிறம் பெறுவது இங்கே அன்றாடம் நிகழ்கிறது. காரணம் தண்ணீர். காவேரி குழாய்நீர் வரும் வீடு, ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடு, லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககம் என்று பெங்களூருவில் நீர் மூவகையாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மஞ்சிட்டி வேரின் சிவப்பை மேலும் ஆழமாக்கும். ஆனால் நீரில் இரும்பு கலந்திருந்தால் மஞ்சள்கள் மங்கிப் பாசிநிறமாகும். எனவே சீட்டில் நீரின் வகையை எழுதச் சொன்னேன். மழைநீரைப் பிடித்து வைத்து அதிலும் ஒரு மாதிரி செய்தால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.

தொடக்கத்துக்குக் கடுக்காயும், இரும்பு உப்பான அன்னபேதியும் போதும். சிக்பேட்டை, அவென்யூ சாலைப் பகுதியின் கிரந்திகெக் கடைகளில், அதாவது இங்குள்ள நாட்டு மருந்துக் கடைகளில், கடுக்காயை அளலெக்காயி என்று கேட்டால் தருவார்கள். காடாத் துணியைச் சலவைச் சோடாவும் சோப்பும் கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுக் கஞ்சியையும் மெழுகையும் நீக்குங்கள். உலர்ந்த துணியை நிறுத்து, 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப்பொடியை வெந்நீரில் கலந்து, துணியை அதில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்தினால் வெளிர்மஞ்சள் கிடைக்கும். பிறகு 2 கிராம் அன்னபேதியைக் கரைத்த நீரில் சில நிமிடங்கள் முக்கினால் அந்த மஞ்சள் உங்கள் கண்முன்னே சாம்பல் நிறமாகும். நேரம் கூடக்கூடக் கருமை ஏறும். இரும்பு அளவு மிஞ்சினால் காலப்போக்கில் பருத்தியை இற்றுப்போகச் செய்யும் என்பதால், அதிகக் கருமை வேண்டுமென்று அன்னபேதியைக் கூட்டுவதைவிடக் கடுக்காயில் மறுமுறை ஊறவைத்து மீண்டும் முக்குவதே நல்லது. சிவப்புக்கு, கடுக்காய் ஏற்றிய துணியை 100 கிராமுக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து, மஞ்சிட்டிச் சாற்றில் 70 பாகை செல்சியஸைத் தாண்டாமல் சூடாக்குங்கள். அதற்கு மேல் போனால் சிவப்பு பழுப்பாகும். சாயப் பாத்திரங்களைச் சமையலுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; கையுறை அணியுங்கள்; அன்னபேதியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

ஐந்தாம் படி: செய்தி

செய்திகளைத் திரட்டுபவரின் வேலை எளிதாகத் தோன்றினாலும், நம்பிக்கை சார்ந்தது. கண்காட்சி அறிவிப்பானால் அளவு வரம்பு, கடைசி நாள், நுழைவுக் கட்டணம், படைப்பைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது ஆகிய நான்கும் இல்லாமல் அதை அறிவிக்கக் கூடாது. கடையில் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்றால் நேரில் பார்த்தவர் யார் என்று சொல்ல வேண்டும். கேள்விப்பட்டது என்றால் அப்படியே குறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இயந்திரம் பழுதுபார்ப்பவர் பற்றிய செய்திக்கு, உலகக் கண்காட்சிச் செய்தியை விட உறுப்பினர்கள் நன்றி சொல்வார்கள்.

வெளியுலகையும் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1979 முதல் நடந்துவரும் கில்ட் நேஷனல், கலைக் கில்டுக்கெனவே தொடங்கப்பட்ட தேர்வுக் கண்காட்சி. 1989இல் நிறுவப்பட்ட ஸ்டூடியோ ஆர்ட் கில்ட் அசோசியேட்ஸ் என்ற அமைப்பு உறுப்பினர்களை வட்டாரவாரியாகப் பிரித்து இயங்குகிறது. வட்டாரக் குழு எப்படிச் செயல்படலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. உள்ளூரில், கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் துணிக்கலைக்கும் இடம் உண்டு. அங்கே காட்சிகள் மாறும்போதெல்லாம் குழுவாகப் போய்ப் பார்த்து, திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு துணியைப் பற்றி மட்டும் பேசும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கூட்டுப் படைப்பும் காட்சியும்

ஓராண்டு மாதிரிகள் சேர்ந்ததும் கூட்டுப் படைப்பைத் தொடங்குங்கள். அனைவருக்கும் ஒரே துணியிலிருந்து ஒரு துண்டு கொடுத்து, 30 சென்டிமீட்டர் சதுரத்தில், ஒரே பொருளைப் பற்றிச் செய்யச் சொல்லலாம். லால்பாக்கின் பாறையைப் பொருளாகப் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்தப் பாறையின் வரிவரியான அமைப்பு கையோட்டத் தையலுக்கும், அதன் சாம்பல் கடுக்காய்ச் சாயத்துக்கும் இயல்பாகப் பொருந்தும். மற்றவர் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்துச் செய்வதாக இருந்தால் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதைவிட, நேரில் போய் அமர்ந்து வரைவதே மேல்.

முடிந்த கில்டை மெல்ல நீர் தெளித்துத் தரையில் விரித்து, இரு மூலைவிட்டங்களும் சம நீளம் வரும்வரை இழுத்துக் குண்டூசி குத்தி, முழுதும் உலர்ந்த பிறகு ஓரங்களை நேராக வெட்டுங்கள். சுவரில் தொங்கும் படைப்புக்கு வெளித்தெரியும் பட்டியைவிட, முன்புறம் தைத்துப் பின்புறம் முழுதாக மடித்துவிடும் உள்விளிம்பு அழகு. படம் ஓரம்வரை தடையின்றி ஓடும். மேல்பக்கப் பின்புறத்தில் கோல் செருகுவதற்கு 4 அங்குல அகல உறை தையுங்கள். உறையின் வெளிப்பக்கம் சற்றே தளர்வாக இருந்தால்தான் கோலின் பருமன் முன்புறத்தில் புடைத்துத் தெரியாது. படைப்பின் பெயர், செய்தவர், ஆண்டு, துணிகள், நுட்பம், பராமரிப்பு ஆகியவற்றைத் துணிச்சீட்டில் எழுதிக் கீழ்மூலையில் தைத்துவிடுங்கள்.

ஒளிப்படம் எடுக்கும்போது இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்து, நான்கு ஓரங்களும் தெரியும் முழுப்படம் ஒன்றும், தையல் தெரியும் அண்மைப்படம் ஒன்றும் எடுங்கள். தேர்வுக் குழுக்கள் பொதுவாக இவ்விரண்டையும் கேட்கும்.

இடத்துக்குக் குமாரகிருபா சாலையில் உள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் கூடங்களை முன்கூட்டியே விசாரியுங்கள். ஜனவரியில் அங்கே சித்திரச் சந்தை நடக்கும் நாள்களைத் தவிர்த்துக்கொள்ளலாம். அங்கே மாதிரிப் புத்தகத்தையும் ஒரு மேசையில் வைத்து, பார்வையாளர் தொட்டுப் பார்க்க அனுமதியுங்கள். சுவரில் உள்ளவற்றை யாரும் தொடாமலிருக்க இதுவே நல்ல வழி. காட்சி முடிந்ததும் கில்டுகளை மடிக்காமல், மேற்புறம் வெளியே இருக்கும்படி உருளையில் சுற்றி, துவைத்த பருத்தித் துணியில் பொதியுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சையை வளர்க்கும் என்பதால், ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழை மாதங்களில் இரண்டு முறையாவது அவிழ்த்து நிழலில் காற்றாட விரித்து, மறுபடி சுற்றி வையுங்கள்.